சர்வருக்குச் சந்தனம், பாஸ்வேர்டுக்குக் குங்குமம்

மூன்று நாளாகச் சாராளின் கைபேசி ஒரு முனகல்கூட முனகவில்லை. அந்தச் சந்தோஷத்தில், ஆயுத பூஜை லீவுக்குப் போயிருந்த கடப்பாக்கத்தில் மாமியார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவள் நண்டு உடைத்துத் தின்ற வேகம் இருக்கிறதே, அதைப் பார்த்துவிட்டுக் கடலில் மிச்சமிருந்த நண்டெல்லாம் குடும்பத்தோடு புறப்பட்டு ஆலம்பரைக் கோட்டைச் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதாக அவள் புருஷன் ஜெபசிங் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

"பாத்தியா? சர்வர்ல இன்னா கோளாறுன்னாலும் அடுத்த நிமிஷம் எனக்கு மெயில் வந்து மணி அடிக்கும். ஒண்ணுகூட வர்ல. மூணு நாளா கல்லு மாதிரி ஓடிகினு கீது," என்றாள் சாராள்.

"கல்லு எங்கடி ஓடும்?" என்றான் ஜெபசிங்.

அவள் சிரித்துவிட்டு அடுத்த நண்டின் காலைப் பிடித்தாள். அந்தக் கேள்வியில் எவ்வளவு அறிவு இருந்தது என்பது அவளுக்கு வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குத்தான் விளங்கியது.

சாராள் சிங்கப்பெருமாள் கோயிலில் பூபாலன் என்பவருடைய கேஸ்கட் தொழிற்சாலையில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவள். கேஸ்கட் என்றால் வேறொன்றுமில்லை. பம்பின் இரண்டு பாகங்களுக்கு நடுவே தண்ணீர் கசியாமல் அடைத்துக்கொள்ளும் ரப்பர் வளையம். அதற்கு முன்னால் பழைய மகாபலிபுரம் சாலையில், கண்ணாடியாலேயே கட்டிய ஒரு பெரிய கம்பெனியில் ஆறு வருஷம் இருந்தாள். ஊரப்பாக்கத்து வீட்டிலிருந்து அங்கே போக வர ஐந்து மணி நேரம். நெரிசலில் நின்ற பஸ்ஸுக்குள்ளேயே அவளுக்கு இரண்டு பிறந்தநாளும் ஒரு கல்யாண நாளும் வந்து போயின. இங்கேயோ மின்சார ரயிலில் ஐந்தாவது ஸ்டேஷன். மூன்று மாதம் பார்த்துவிட்டு வேலையை நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. அந்த மூன்று மாதம் இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோடு முடிகிறது.

அவளைப் பூபாலன் வேலைக்கு எடுத்ததற்குக் காரணம், காணாமல் போன ஒரே ஒரு கடிதம். தொழிற்சாலையின் மெயில் அதுவரை எங்கேயோ ஒரு மலிவான இடத்தில், பத்தாயிரம் பேரோடு பதினோராயிரமாக முட்டிமோதிக்கொண்டு கிடந்தது. புனேயில் ஒரு பம்ப் கம்பெனி, "மாதிரிகளை அனுப்புங்கள்" என்று எழுதிய கடிதம் அந்தக் கூட்ட நெரிசலில் எங்கே மிதிபட்டதோ தெரியவில்லை. பூபாலன் போனில் கூப்பிட்டு, "கடுதாசி வர்லயே சார், இன்னொருவாட்டி அனுப்புங்க" என்றார். அந்தப் பக்கம் இருந்த அதிகாரி, "ஒரு கடிதத்தைக் கசியாமல் வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள் தண்ணீரை எப்படிக் கசியாமல் வைப்பீர்கள்?" என்று கேட்டுவிட்டார். கேட்டது ஆங்கிலத்தில்தான். ஆனாலும் பூபாலனுக்குத் தமிழிலேயே வலித்தது. அன்று காலை வரை அடர்த்தியாக இருந்த தலைமுடி அன்று சாயங்காலத்துக்குள் மொத்தமாகக் கொட்டியது என்று ஆலையில் சொல்வார்கள். ஒன்பது மாதம் கழித்து அதே புனே கம்பெனி மனசு மாறி மறுபடி ஒரு வாய்ப்புக் கொடுத்தபோதுதான் அவர் சொந்தமாக மெயில் சர்வர் போடுவது என்று முடிவெடுத்தார்.

சாராள் திட்டம் போட்டாள். நாற்பத்துமூன்று பக்கம். ஒரு சின்ன நாட்டுக்கு ராணுவம் அமைப்பதானால்கூட இவ்வளவு எழுத மாட்டார்கள். பூபாலன் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்து, ஒரு பக்கம் விடாமல் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"ஒரு மெயிலுக்கு எதுக்குமா ரெண்டு பெட்டி?"

"ஒண்ணு வாங்கற பெட்டி சார். வெளியிலேர்ந்து வர்ற கடுதாசிய வாங்கி உள்ள வெச்சிக்கும். இன்னொண்ணு காட்டற பெட்டி. நம்ம ஆளுங்க பிரவுசர்ல பாஸ்வேர்டு போட்டு உள்ள போனா, கடுதாசிய எடுத்துக் காட்டும். திருடன் காட்டற பெட்டி கதவத்தான் நோண்டுவான். அதான் ரெண்டையும் தனித்தனியா வெக்கறது."

"சரி. தெரு வாசல் வேற, புழக்கட வேற. இருக்கட்டும். இது இன்னா, பதினாலாம் பக்கத்துல மூணாவது பெட்டி?"

"அது வேற ஊர்ல இருக்கும் சார். இங்க ரெண்டும் படுத்துக்கினா, வர்ற கடுதாசி அங்க போய் ஒதுங்கிக்கும்."

பூபாலன் பென்சிலை மேஜைமேல் போட்டார். "அதாவது மெயிலுக்குச் சின்ன வூடு செட்டப் பண்ணணும்ன்றே. என் சம்சாரத்துக்குத் தெரிஞ்சா பேஜாராயிடும்மா. வாணாம்." பதினான்காம் பக்கத்தில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது.

பாஸ்வேர்டு குறைந்தது பன்னிரண்டு எழுத்து இருக்க வேண்டும் என்பதற்கு முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார். ஐந்து முறை தப்பாகப் போட்டால் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் என்றதைக் கேட்டுக் குழந்தை மாதிரி கைதட்டினார். நம் பெயரில் வேறு எவனும் கடிதம் போட முடியாதபடி ஒவ்வொரு மெயிலுக்கும் கண்ணுக்குத் தெரியாத முத்திரை விழும் என்றதும், "ரப்பர் ஸ்டாம்பு நம்மகிட்டயே செஞ்சிக்கலாமே" என்றார். பாஸ்வேர்டுக்குப் பிறகு கைபேசிக்கு ஒரு எண் வந்து அதையும் போட்டால்தான் உள்ளே விடும் என்ற பக்கத்துக்கு வந்தபோது மட்டும், "எங்க ஆளுங்க பாதிப் பேரு போன கேன்டீன்ல மறந்துட்டு வருவானுங்க. அத்த தீபாவளிக்கு அப்புறம் வெச்சிக்கலாம்" என்று தள்ளிப் போட்டுவிட்டார். மின்சாரம் போனால் பேட்டரி, பேட்டரி தீர்ந்தால் ஜெனரேட்டர், ஜெனரேட்டர் மக்கர் பண்ணினால் இன்னொரு ஜெனரேட்டர், வெள்ளம் வந்தால் பெட்டிகளை ஏற்றி வைக்க மூன்றடி உயர மேடை, எலி வந்தால் கம்பி வலை. புயல், பூகம்பம், ரஷ்யத் திருடன், குரோம்பேட்டைத் திருடன், எல்லாருக்கும் அதில் தனித்தனியாக இடம் ஒதுக்கியிருந்தாள்.

கடைசியில் பூபாலன் கேட்டார்: "இவ்ளோ எழுதினியே, ஒரு கடுதாசி தொலையாதுன்னு எழுதியிருக்கியா?"

"ஒரு கடுதாசி தொலைஞ்சாலும் நானே கெளம்பிடறேன் சார்," என்றாள் சாராள். ரோஷத்தில் வந்த வார்த்தை. வந்த பிறகு உள்ளே போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கடப்பாக்கத்திலிருந்து செய்யூர், மதுராந்தகம், செங்கல்பட்டு என்று ஜெபசிங்கின் பைக் வந்த வேகத்தில் வழியிலிருந்த வேகத்தடைகளில் பாதி தரையோடு படிந்துவிட்டன. அவளை ஆலை வாசலில் இறக்கிவிட்டு அவன் தன் வேலைக்குப் பறந்தான்.

கேட்டைத் திறந்தவர் காவலாளி காசிநாதன். நெற்றியில் முழம் அகலத்துக்குச் சந்தனம். கையில் பொரிகடலைப் பொட்டலம்.

"வாம்மா வாம்மா. போன கெழமை நீ செவ்வாக்கெழமை மத்தியானமே பஸ்ஸு புடிச்சி ஓடிட்ட..."

"இந்தக் கெழமைதான் அண்ணாத்த. செவ்வாக்கெழம போயி மூணு நாள்தான் ஆவுது."

"அப்டியா? பூஜை சாப்பாடு சாப்ட்டதுல பத்து நாள் மாதிரி கீது. நீ போயி அப்புறம்தான் அஞ்சு மணிக்குப் பூஜை. அதுக்கப்புறம் ரெண்டு நாளும் ஆலைக்கு லீவு. இன்னா ஜோரு! உன் ரூமப் போயிப் பாரு. கல்யாண மண்டபம் தோத்துடும்."

சாராள் சர்வர் அறைக் கதவைத் திறந்தாள். உண்மையிலேயே கல்யாண மண்டபம்தான். இரண்டு பக்கமும் வாழைக்கன்று. பெட்டிகளுக்கு ஆளுயர சாமந்தி மாலை. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். ஜன்னல்மேல் மாவிலைத் தோரணம். கீழே நடுவில் பிளந்த பூசணிக்காய். எல்லாம் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை. எப்போதும் பத்தாயிரம் வண்டு பறக்கிற மாதிரி இரைகிற அறையில் ஒரு ஈ பறந்தது நன்றாகக் கேட்டது. பெட்டிகளில் ஒரு விளக்கும் எரியவில்லை.

"அண்ணாத்த, யாரு இத நிறுத்தனது?"

"நான்தாம்மா," என்றார் காசிநாதன், பாராட்டை எதிர்பார்த்துத் தலையைச் சாய்த்துக்கொண்டு. "பூஜைக்கு முந்தி எல்லா மிஷினையும் நிறுத்தறது வழக்கம். லேத்துக்கு ஓய்வு, பிரஸ்ஸுக்கு ஓய்வு. இத்த மட்டும் வுட்டா பாவம் இல்லியா? ராவும் பகலுமா ஓடிகினே கீது. வாயில்லா ஜீவன். சாவிதான் நீயே எங்கிட்ட குடுத்துட்டு போனியே, தீப்புடிச்சா தொறக்கன்னு. நாலு அம்பதுக்கு உள்ள போனேன். பட்டன அமுக்கனேன். அப்புறமும் ஏதோ ஒரு பொட்டி கீங் கீங்னுச்சு. பேட்டரியாம். அதயும் புடுங்கிட்டேன்."

புயலுக்கும் பூகம்பத்துக்கும் பக்கம் பக்கமாக எழுதியவள், காசிநாதனுடைய இரக்கத்துக்கு ஒரு வரி எழுதவில்லை. சர்வர் நின்றால் வெளியே காவல் பார்க்கும் ஒரு சேவையிலிருந்து உடனே எச்சரிக்கை வரும்படி அவள்தானே ஏற்பாடு செய்தாள், ஏன் வரவில்லை? கேள்வி முடிவதற்குள் பதில் வந்து மண்டையில் இடித்தது. அந்த எச்சரிக்கை அவளுடைய ஆலை முகவரிக்குத்தான் வரும். அந்த முகவரி இருப்பது இந்தப் பெட்டிக்குள்ளே. வீடு பற்றிக்கொண்டால் ஓடிவந்து சொல்ல ஒரு ஆளை நியமித்து, அவனை அந்த வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறாள். ஆறு வருஷம் கண்ணாடிக் கம்பெனியில் வேலை பார்த்தவள்!

பெட்டியின் பொத்தானை நோக்கிக் கை போனது. அப்போதுதான் லோகநாயகி உள்ளே வந்தார்.

லோகநாயகி அலுவலகத்தின் மூத்த கணக்காளர், கும்பகோணத்துப் பக்கம். ஆலையில் எந்த விசேஷமானாலும் கொழுக்கட்டை எண்ணிக்கையிலிருந்து கோலத்தின் புள்ளி வரை அவர் பொறுப்பு. ஒரு கையில் சுண்டல், மறு கையில் கைபேசி.

"சாராள், நீ இல்லாம போயிட்டியேம்மா. போட்டோ பாரு. நம்ம கம்பெனி பேஸ்புக் பக்கத்துல போட்டேன். முன்னூத்திப் பன்னெண்டு லைக்! கனடாவுலேர்ந்துகூட ஒருத்தன் போட்டிருக்கான்."

சாராள் பார்த்தாள். சரஸ்வதி படம். அதன்முன் ஸ்பேனர், வெர்னியர், அளவுகோல், அவளே செவ்வாய்க்கிழமை மத்தியானம் கொடுத்துவிட்டுப் போன ஸ்க்ரூடிரைவர். எல்லாவற்றுக்கும் முன்னால், தாம்பாளத்தில் தாமரைப் பூ மாதிரி வட்டமாக அடுக்கி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, குங்குமப் பொட்டு வைத்து, உச்சியில் பிள்ளையார் சுழி போட்ட துண்டுச் சீட்டுகள்.

"இது இன்னாங்க மேடம், சீட்டு?"

"பாஸ்வேர்டும்மா," என்றார் லோகநாயகி. "ஆயுதம்னா என்ன? எது இல்லாம வேலை நடக்காதோ அதுதானே ஆயுதம்? ஆபீஸ்ல இருக்கறவங்க எதை வைக்கிறதுன்னு முழிச்சாங்க. பேனாவை இப்போ யார் தொடறா? காலைல வந்து பாஸ்வேர்டு போடாம எவன் வேலை பார்க்கறான் சொல்லு? அதான் அறுபத்திரண்டு பேரையும் அவங்கவங்க கையாலயே எழுதிக் குடுக்கச் சொன்னேன். ஒருத்தர் விடலை. நீ ஒருத்திதான் ஸ்க்ரூடிரைவர் குடுத்துட்டு ஓடிட்டே."

சாராள் படத்தை விரலால் விரித்தாள். இந்தக் காலத்துக் கைபேசிக் கேமராவைக் கண்டுபிடித்தவன் நாசமாகப் போக. மஞ்சளில் ஒட்டியிருந்த எறும்பின் மீசைகூடத் தெரிந்தது. பெயர், முகவரி, பாஸ்வேர்டு, எல்லாம் குண்டு குண்டாக, அழகான கையெழுத்தில். முதலாளியின் சீட்டு நடுநாயகமாக இருந்தது. பன்னிரண்டு எழுத்து வேண்டும் என்ற சட்டத்துக்குக் கட்டுப்பட்டு அவர் ஒன்றிலிருந்து ஒன்பது வரை எழுதி, பிறகு சைபர், ஒன்று, இரண்டு என்று முடித்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலத்திலிருந்து உலகத்துக்கே திறந்து கிடக்கிறது!

சாராளின் கை பொத்தானுக்கு ஒரு அங்குலம் முன்னால் அப்படியே நின்றது. பெட்டிகளை இயக்கினால், சீட்டைப் படித்த எவனும் நேராக உள்ளே நடந்து வரலாம். பூபாலன் பெயரில் புனேக்கே கடிதம் போடலாம். இயக்காவிட்டால், மூன்று நாளாக வந்து வந்து திரும்பிப் போகும் கடிதங்கள் ஒரேயடியாகப் போய்ச் சேரும்.

"மேடம், மொதல்ல அந்தப் போட்டோவ எடுத்துடுங்க."

"ஏம்மா, முன்னூத்திப் பன்னெண்டு லைக்..."

"எடுங்க மேடம்!"

அந்தக் குரலில் லோகநாயகி எடுத்தார். எடுத்த பிறகுதான் எதற்கு என்று விளங்கி, சுண்டலைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

வாசலில் கார் நின்ற சத்தம். பூபாலன் பத்தடி நடையை மூன்றடியாக நடந்து வந்தார். "சாராளு! பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள ஆபீஸ் கம்ப்யூட்டர் எல்லாத்தையும் ஆன் பண்ணிடு. புனேகாரன் புதன்கெழமையே மெயில் போட்டிருப்பான். நேர்ல வந்து பாக்கற தேதி. ஒத்துக்கினோம்னு இன்னிக்கி அஞ்சு மணிக்குள்ள பதில் போவணும், இல்லன்னா அடுத்த கம்பெனிக்குப் போய்டுவேன்னு முந்தியே போன்ல சொல்லிக்கிறான். வந்துச்சா?"

ஈ மட்டும் பேசியது.

சாராள் சொன்னாள். நிறுத்தியதைச் சொன்னாள், சீட்டைச் சொன்னாள். பூபாலனுடைய வழுக்கைத் தலை சிவந்த சிவப்பில் அறைக்குக் கூடுதலாக ஒரு விளக்குப் போட்ட மாதிரி ஆயிற்று. "காசிநாதா! பதினெட்டு வருஷம் உனக்குச் சோறு போட்டேனே! ஏம்மா லோகநாயகி..."

"என் தப்பும் கீது சார்," என்றாள் சாராள்.

"உன்னுது இன்னா?"

"நின்னா எனக்கு உடனே தெரிஞ்சிருக்கணும். தெரியப்படுத்தற மெயிலயே இந்தப் பெட்டிக்கு வர்ற மாதிரி வெச்சிட்டேன். அது வெளியில இருக்கற என்னோட வேற எந்த முகவரிக்கு வந்திருந்தாலும் செவ்வாக்கெழமையே ஓடியாந்திருப்பேன்."

பூபாலன் அவளையே பார்த்தார். "நீயா சொல்லலன்னா இது எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரியாது சார்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "புனேகாரனுக்கு போன் பண்ணி மறுபடியும் கடுதாசி தொலைஞ்சிபோச்சுன்னு சொல்ல என்னால ஆவாது. ஆனா ஒரு மணிக்கு மேல அந்த ஆளு சீட்ல இருக்கமாட்டான். ஒரு மணி வரைக்கும் பாக்கறேன். வர்லன்னா போன் பண்ணித்தான் தீரணும். அப்டி நான் போன் பண்ண வேண்டி வந்துச்சுன்னா..." மேலே சொல்லவில்லை. சொன்ன வார்த்தை அவளுடையதுதானே.

சாராள் மாலைகளை விலக்கினாள். பத்து இருபத்துநான்குக்கு, ராகு காலத்துக்கு ஆறு நிமிஷம் இருக்கும்போது, வாங்கும் பெட்டியின் பொத்தானை மட்டும் அமுக்கினாள். காட்டும் பெட்டியைத் தொடவே இல்லை. கடிதம் உள்ளே வரலாம். ஆள் யாரும் உள்ளே வர முடியாது.

பெட்டி இரைந்து விழித்ததும் முதல் காரியமாகப் பதிவேட்டைத் திறந்தாள். கடைசியாக யார் பாஸ்வேர்டு போட்டு உள்ளே வந்தது? செவ்வாய்க்கிழமை நான்கு நாற்பத்தேழு. ஆலையின் உற்பத்தி மேற்பார்வையாளர் கலைவாணன், ஆலைக்குள்ளிருந்தே வந்திருக்கிறார். பெட்டி நின்றது நான்கு ஐம்பது. படம் பேஸ்புக்கில் ஏறியது ஆறு பதினைந்து. அவள் மூன்று முறை எண்ணிப் பார்த்தாள். உலகத்துக்கே பாஸ்வேர்டு தெரிந்த நேரமெல்லாம் பெட்டி தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு கொசுகூட உள்ளே நுழையவில்லை.

"அப்போ நான் நிறுத்தனது நல்லதாப் போச்சா?" என்றார் காசிநாதன், கதவோரமாக நின்று.

"நீ சும்மா இருய்யா," என்றார் பூபாலன். ஆனால் தலையின் சிவப்பு ஒரு சுற்றுக் குறைந்திருந்தது.

பாதி நிம்மதி வந்தது. மீதி எங்கேயோ புனேக்கும் சிங்கப்பெருமாள் கோயிலுக்கும் நடுவில் நின்றது.

"இப்ப வருமாம்மா?" என்றார் பூபாலன் நாற்காலியைச் சாராளின் முதுகோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு.

"அனுப்பற சர்வர் வூடு பூட்டியிருந்தா கடுதாசியத் தூக்கிப் போட்டுட்டுப் போவாது சார். கொஞ்ச நேரம் கழிச்சி வந்து தட்டும். மறுபடி தட்டும். நாலு நாளு, அஞ்சு நாளு வரைக்கும்கூடத் தட்டும். ஆனா எவ்ளோ நேரத்துக்கு ஒருவாட்டி, எத்தினி நாளுன்றது அனுப்பறவங்க வெச்சதுதான். சிலது ரெண்டு நாள்லயே சலிச்சிக்கும்."

"புனேகாரன் சலிச்சிக்கற ஆளுதான்," என்றார் பூபாலன்.

பத்து நாற்பத்தொன்றுக்கு முதல் மெயில் வந்தது. மூட்டு வலிக்குத் தைலம், இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம். உலகம் தோன்றிய நாளிலிருந்து ஒரு விளம்பர மெயிலை இப்படி ஆசையாக வரவேற்றவர்கள் யாருமில்லை. சாராளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. லோகநாயகி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "புதன்கெழம அனுப்பினது! பாருங்க சார், தேதியப் பாருங்க! ரெண்டு நாள் தட்டிட்டு இப்பதான் உள்ள வருது!" என்று சாராள் திரையைக் குத்திக் காட்டினாள். காசிநாதன் அந்தத் தைலம் நல்ல தைலம்தான் என்று சான்றிதழ் கொடுத்தார்.

அதற்குப் பிறகு சும்மா இருக்க அவளால் முடியவில்லை. அறுபத்திரண்டு பேருக்கும் பழைய பாஸ்வேர்டை அழித்து, புதிதாக ஒன்று உருவாக்கி, சீட்டு அடித்து, ஆலை முற்றத்தில் மேஜை போட்டு உட்கார்ந்தாள். ரேஷன் கடையில் பாமாயில் போடுகிற நாள்கூட அவ்வளவு நீளமாக வரிசை நின்றதில்லை, வால் ஜி.எஸ்.டி. ரோட்டில் போய் லாரிகளுக்கு இடைஞ்சல் செய்தது. ஆளைப் பார்த்து, அடையாள அட்டையைப் பார்த்து, கையில் சீட்டைக் கொடுத்து, "உள்ள விட்ட உடனே இத மாத்திக்கணும். மாத்தினத சாமிகிட்டகூடச் சொல்லக்கூடாது. சாமிக்கே தெரியும்" என்று அறுபத்திரண்டு முறையும் சொன்னாள்.

உள்ளே பூபாலனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. லோகநாயகியின் கைபேசியை வாங்கிப் படத்தை விரித்து விரித்துப் பார்த்தவர், அதைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார்.

"இது யாருமா? 'மொட்டபாஸ்மொட்டபாஸ்'?"

சாராளுக்கு எதிரில் சீட்டுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்த கலைவாணனின் கை மெல்லக் கீழே இறங்கியது.

"சார்... பன்னெண்டு எழுத்துக்கு மேல இருக்கணும்னு சாராள் மேடம்தான்..."

"அதுக்கு ரெண்டுவாட்டியா?"

"ஞாபகம் வெச்சிக்க ஈஸியா இருந்துச்சு சார்."

"ஈஸியா இருந்துச்சா?" பூபாலன் தலையைத் தடவிக்கொண்டார். "கலைவாணா, உன் சீட்டுல பொட்டு கொஞ்சம் ஓரமா வெச்சிக்கிறாங்க. நடுவுல வெச்சிருந்தா எம் மூஞ்சி மாதிரியே இருந்திருக்கும்." அவரே முதலில் சிரித்தார். அதற்குப் பிறகு வரிசை சிரித்த சிரிப்பில் கூரைத் தகடுகள் ஒரு அங்குலம் எழும்பி உட்கார்ந்தன. கலைவாணன் மட்டும் சீட்டை வாங்கிக்கொண்டு, பிரஸ் மிஷினுக்குப் பின்னால் போய் அரை மணி நேரம் தென்படவில்லை.

பன்னிரண்டு மணிக்குள் கூரியர் கம்பெனி வந்தது, வங்கி வந்தது, ரப்பர் வியாபாரி வந்தார், பிறந்தநாள் வாழ்த்து ஒன்று இரண்டு நாள் தாமதமாக வந்தது. மொத்தம் எழுபத்தொரு கடிதம். புனே வரவில்லை. சாராள் நடுநடுவே சர்வர் அறைக்கு ஓடிவந்து ஒவ்வொன்றையும் எழுதி வைத்த காகிதம் வியர்வையில் நனைந்து கிழிந்தது. பன்னிரண்டரை. கடைசி இரண்டு பேரை முற்றத்தில் நிறுத்திவிட்டுச் சாராள் சர்வர் அறையில் திரைமுன் வந்து உட்கார்ந்தாள். லோகநாயகி வெள்ளிக்கிழமை விரதத்தோடு இன்னொரு விரதத்தையும் சேர்த்துக்கொண்டார். காசிநாதன், பெட்டியின் பொட்டைத் துடைத்ததால்தான் கோபமோ என்று சந்தேகப்பட்டு, யாருக்கும் தெரியாமல் புதிதாக ஒன்று வைத்துவிட்டு வந்தார். பன்னிரண்டு நாற்பத்தைந்து. பூபாலன் கைபேசியை எடுத்து, புனே எண்ணைத் திரையில் கொண்டுவந்து, கட்டைவிரலை அதன்மேல் அந்தரத்தில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மறுபடியும் அந்த ஐந்து மணி நேர பஸ் சாராளின் கண்ணுக்குள் வந்து நின்று, கதவைத் திறந்து, ஏறு என்றது.

பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்குத் திரையில் ஒரு வரி முளைத்தது.

அவள் வாசித்தாள். நம்பாமல் மறுபடி வாசித்தாள். "சார்," என்றாள். நாற்காலியைத் திருப்பித் திரையைக் காட்டினாள். புனே. புதன்கிழமை காலை பதினொன்று பத்துக்கு அனுப்பியது. ஐம்பது மணி நேரம் பூட்டிய கதவைத் தட்டித் தட்டி, சலிக்காமல், முனகாமல், ஒரு எழுத்துக் குறையாமல் வந்து நின்றது. பதின்மூன்றாம் தேதி திங்கட்கிழமை வருகிறோம், சம்மதமா என்று கேட்டிருந்தார்கள்.

பூபாலன் கட்டைவிரலை எடுத்தார். ஏழு நிமிஷம் அந்தரத்தில் நின்றதில் அது அப்படியே விறைத்துப் போய், இன்னொரு கையால் பிடித்து மடக்க வேண்டியிருந்தது. அவர் விட்ட பெருமூச்சில் வாழைக்கன்று இரண்டும் சாய்ந்தன.

"பதில் போடும்மா, போடு! சம்மதம், சம்மதம், நூறுவாட்டி சம்மதம்!"

"ஒருவாட்டி போதும் சார். ஆனா நீங்கதான் போடணும், உங்க முகவரியிலேர்ந்து. காட்டற பெட்டிய இப்ப தொறந்துடறேன். புது சீட்டு வாங்கினீங்களா?"

"முதலாளிக்குமா சீட்டு?"

"வரிசையில வந்தீங்கன்னா தர்றேன் சார்."

வரிசையில் அப்போது இரண்டே பேர்தான் மிச்சம். பூபாலன் மூன்றாவதாகப் போய் நின்றார். அடையாள அட்டை கேட்டாள், அவரிடம் இல்லை, முகத்தைப் பார்த்து இரண்டு பேர் சாட்சி சொன்ன பிறகுதான் கொடுத்தாள். அவர் திரையோடு மல்லுக்கட்டி, பதினேழு எழுத்தில் ஒரு பாஸ்வேர்டு வைத்தார். வைக்கும்போது கையால் மறைத்துக்கொண்டார். பதில் ஒன்று இருபதுக்குப் போயிற்று. புனே அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து போயிருந்தாலும் கைபேசியில் பார்த்திருக்க வேண்டும். இரண்டு மணிக்கு முன்பே, "பெற்றுக்கொண்டோம், நன்றி" என்று திரும்பி வந்தது. பூபாலன் அந்த இரண்டு வார்த்தையை அச்சடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மூன்று மணிக்கு அவளைக் கூப்பிட்டார். மேஜைமேல் வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு, கையெழுத்தோடு இருந்தது.

"கடுதாசி தொலையல. நீயும் தொலைய வாணாம்," என்றார். "நாளைக்கு வந்து அந்த மணி அடிக்கற மெயில உன் சொந்த முகவரிக்கு மாத்து. எனுக்கும் ஒண்ணு வர்ற மாதிரி பண்ணு. இன்னிக்கி வூட்டுக்குப் போ. மூஞ்சியப் பாத்தா பத்து நாள் பட்டினி மாதிரி கீது."

ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி ஜெபசிங்குக்கு ஒரு குறுஞ்செய்தி போட்டுவிட்டுச் சாராள் சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனில் மூன்று நாற்பது மின்சார ரயிலைப் பிடித்தாள். ஜன்னலோர இடம். மறைமலைநகர் தாண்டுவதற்குள் கண் சொக்கியது. கடலிலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி, அந்தப் பெட்டிக்குள் மட்டும் கடல் காற்று வீசிய மாதிரி இருந்தது. பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகள் நூறு பேர் கூச்சலோடு ஏறினார்கள். அவள் விட்ட குறட்டையில் அவர்களே பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். ஊரப்பாக்கம் வந்தது, நின்றது, போயிற்று.

கைபேசி அடித்தது.

"எங்கடி இருக்கே? ஸ்டேஷன்ல ஒரு மணி நேரமா வண்டிய வெச்சிகினு நிக்கிறேன்," என்றான் ஜெபசிங்.

சாராள் வெளியே பார்த்தாள். ஒரு பெரிய மஞ்சள் பலகை. அதில் சென்னைக் கடற்கரை என்று எழுதியிருந்தது. ரயில் அதற்கு மேல் போக வழியில்லாமல் நின்றிருந்தது. பெட்டியில் அவளைத் தவிர யாருமில்லை.

"பீச்சுல," என்றாள்.

"காலைலதானே பீச்சுலேர்ந்து கூட்டியாந்தேன்?"

"இது வேற பீச்சு. நீ வூட்டுக்குப் போயி நாஸ்தா எதுனா பண்ணி வை. வேல பர்மனன்ட் ஆயிடிச்சு," என்று சொல்லிவிட்டு, காலை எதிர் இருக்கையில் நீட்டிக்கொண்டாள். அதே ரயில் திரும்பி ஊரப்பாக்கம் வழியாகத்தான் போகும். இன்னும் ஒன்றரை மணி நேரம் தூங்கலாம்.